லூர்துக்குப் போகிற பாதை

குருநகர்,
05.11.2024

அன்புள்ள தம்பி றஜிந்தனுக்கு,

அக்கா றெஜினா எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் மனைவி பிள்ளைகளும், முக்கியமாக உன் மாமியாரும், சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அம்மாவின் மரண அறிவித்தலிலும் உன் பெயர் இல்லை, முப்பத்தோராம் நாள் அறிவித்தலிலும் இல்லை, பாரிசில் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று போனில் கத்தினாய். அச்சுப் பிழையா என்றும் கேட்டாய். பிழையில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். செத்த வீட்டுக்கே லீவு கிடைக்காதவனுக்கு அறிவித்தலில் என்ன வேலை?

அந்த நாளில் நீ பிரான்சுக்குப் புறப்பட்டு மூன்று மாதம் ஒரு சிலமனும் இல்லை, இருக்கிறாயா இல்லையா என்றே தெரியவில்லை. பிள்ளை உயிரோடு போய்ச் சேர்ந்தால் மாதா காட்சி கொடுத்த லூர்துக் கெபிக்கு நேரில் வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அம்மா நேர்த்தி வைத்தார். நீ போய்ச் சேர்ந்தாய். அம்மா கேட்டபோதெல்லாம், லூர்துப் பக்கம் வேக ரயில் பாதை இன்னும் போடவில்லை, உங்கள் முதுகு தாங்காது, போட்டு முடியட்டும் என்றாய். அந்த நாட்டு வேக ரயில் வரைபடம் ஒன்றும் அனுப்பினாய். தடித்த கோடு ஓடுகிற பாதை, புள்ளிக் கோடு இனிப் போடப் போகிற பாதை. அம்மா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். லியோன், மார்செய், பொர்தோ எல்லாம் அவருக்குப் பாடம். பொர்தோவுக்குக் கீழே இருந்த புள்ளிகளில் விரலை வைத்துக்கொண்டுதான் செபம் சொல்லுவார். பிரான்சிலிருந்து யார் வந்தாலும், "அந்தப் புள்ளிக் கோடு எந்தளவிலை நிக்குது, பிள்ளை?" என்று கேட்பார்.

ஆவணியில் உன் பக்கத்து வீட்டுத் தனுஷா வந்தாள். அவளிடமும் கேட்டார். சூதுவாது தெரியாத பெண். "அது முடிய இன்னும் கன வருசம் எடுக்கும் அன்ரி. ஆனால் லூர்துக்கு இப்பவும் றெயின் போகுதே. பொர்தோவுக்கு அங்காலை பழைய தண்டவாளத்திலை கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான். பாரிசிலையிருந்து அஞ்சு மணித்தியாலம். றஜிந்தன் அண்ணை தன்ரை மாமியைக் கூட்டிக்கொண்டு மூண்டு தரம் போனவர்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மாவோ, "அவவுக்கு முழங்கால் வருத்தம் எல்லே, அவவுக்குத்தான் முதல் தேவை" என்றார். பிறகு வரைபடத்தைக் கழற்றி மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். அதன்பின் யாரிடமும் கேட்கவில்லை. புரட்டாதியில் போய்விட்டார்.

அம்மா உன்னை மன்னித்தார். நான் மன்னிக்கவில்லை. சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கீழே, உன் பெயர் வரவேண்டிய இடத்தில், ஒரு புள்ளிக் கோடு வெட்டுவித்திருக்கிறேன். கல் வெட்டிய இளையதம்பி அண்ணை, "இதென்ன பிள்ளை?" என்று கேட்டார். இனிப் போடப் போகிறது என்றேன். ஆத்துமாக்கள் திருநாளன்று வந்த சனமெல்லாம் கேட்டது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கதையைச் சொன்னேன்.

பெயர் வேண்டுமென்றால் வா. கொழும்பிலிருந்து இங்கே வேக ரயில் இல்லை. ஏழெட்டு மணித்தியாலம் முதுகு நோக இருந்து வா. புறப்படுமுன் லூர்துக்குப் போய் அம்மாவின் திரியைக் கொளுத்து. வரைபடம் என்னிடம்தான் இருக்கிறது. விரல் பட்டுப் பட்டு அந்தப் புள்ளிகள் இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. உன் கையில் தருகிறேன், பார்.

அந்தத் திரியை நீ கொளுத்தும்வரை உன் உயிருக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
றெஜினா