சூடானால் வரும் சத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்றும் தட்டியது. களம்பூரில் பெண்களை என் வேனில் ஏற்றிக்கொண்டு ஆரணிக்குத் திரும்பும்போது, என் சீட்டுக்கு அடியில் டொக் டொக் டொக். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாகத் தட்டுகிறது, விட்டால் மெதுவாக. "இன்னா திலகா, உள்ள யாரோ உக்காந்து கதவ தட்டிகினு கீறாங்க" என்றாள் முனியம்மா அக்கா. பட்டு நூல் சுற்றும் வேலைக்கு வருகிற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மெக்கானிக் அருள்ராஜ் வந்து ஒரு நிமிஷம் காது கொடுத்தான். "பேரிங் போச்சிக்கா. இன்ஜின பிரிக்கணும்." அதோடு விட்டானா? வாசலில் நின்ற என் மாமனாரிடம் திரும்பி, "லேடீஸ் ஓட்டினா இப்டித்தான் மொதலாளி. எப்பவும் கிளட்ச் மேலயே கால வெச்சிகினு" என்றான். நான் அங்கேயேதான் நிற்கிறேன், மரம் மாதிரி.

மாமாவுக்குக் கேட்கவா வேண்டும்! வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "தேசூர்ல ஒருத்தர் பழைய வேன் தேடிகினு கீறாரு. தள்ளிவுட்டுட்டு நீ வந்து பவர்லூம் பாரும்மா. தறிக்கு ஆளே கெடைக்கல." என் வீட்டுக்காரர் சதீஷ் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

வண்டி என் பேரில் இருக்கிறது. அந்தத் தறி ஷெட்டுக்குள் மறுபடி போய் அடைந்துகிடக்க என்னால் ஆகாது. ஆகவே ஆகாது.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. வண்டி சூடான பிறகுதான் தட்டுகிறது. பேரிங் போயிருந்தால் காலையில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது? அருள்ராஜுக்குப் போன் செய்து கேட்டேன்.

"அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதுக்கா."

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

சூடானால் இளகுவது எண்ணெய்தானே? சீட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கும் குச்சியை இழுத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிசுக்கே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. முகர்ந்தேன். எங்கள் தறி ஷெட் வாசனை! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் புடவையில் ஏறிய வாசனை, எனக்குத் தெரியாதா?

"மாமா, வண்டில எண்ணெ எதுனா ஊத்தினீங்களா?"

"ஆமாம்மா. பழசு கருப்பா பேஜாரா இருந்துச்சி. எறக்கிட்டு, நம்ம தறிக்குப் போடற எண்ணெய ஊத்தினேன். ஏன்? எண்ணெ எண்ணெதானே? என் தறி ஓடல?"

"அருள்ராஜு என் மேல பழி போட்டப்பவாவது வாயத் தெறந்தீங்களா?"

"யாரும் கேக்கலியே."

யாரும் கேட்கவில்லையாம்! கத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். இவர் ஊற்றின தண்ணி எண்ணெயில் இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருக்க, குற்றம் என் கால் மேல்!

ஜூன் 16, திங்கள்

"குச்சிய இழுத்துப் பாத்தியாப்பா?"

தலையைச் சொறிந்தான் அருள்ராஜ். "தோணலக்கா."

இன்ஜினைப் பிரிக்க மட்டும் தோன்றியது. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வைத்து, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, களம்பூர் போய்த் திரும்பினேன். சத்தம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாமா தேசூர்க்காரருக்குப் போன் செய்கிறார். "வண்டி இப்ப சூப்பரா கீது, ஜல்தி வாங்க." இதற்குத்தானா நான் சரி செய்தேன்?

ஜூன் 19, வியாழன்

ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் தேசூர்க்காரர் வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "கையெழுத்து மட்டும் போட்டுடும்மா" என்றார் மாமா. சதீஷைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

பெண்கள் வேலை விட்டு நிற்கும் நேரம். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டேன்.

"எங்கம்மா போற? அவரு உள்ள கீறாரு!"

"இருக்கட்டும் மாமா."

பெண்கள் ஏறிக்கொண்டார்கள். தேசூர்க்காரரை நெருக்கித் தள்ளி உட்கார்ந்து, முனியம்மா அக்கா அவருக்குக் கடலை கொடுத்தாள். களம்பூர் வந்ததும் அவர் திருப்தியாகச் சொன்னார்: "வண்டி அருமையா கீதும்மா. இன்னா வெல?"

"விக்கறதில்லீங்க. அதோ ஆரணி பஸ் வருது, ஏறிக்கோங்க."