கல்லறையில் சிவப்பாய் என் பெயர்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

நான் உயிரோடு இருக்கிறேன். என் பெயரைக் கல்லறையில் வெட்டிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. செய்தது என் மகன் நைஜல். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

காலையில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு போன் அடித்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து என் கூட்டாளி பத்துமலை. ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவன். "ஜூலியானாம்மா இருக்காங்களா? துக்கம் விசாரிக்கலாம்னு" என்றான். ஜூலியானா என் மருமகள்.

"யாருக்குடா துக்கம்? நான் மத்தியாஸ் பேசறேன்."

மெல்ல, "எந்த மத்தியாஸ்?" என்றான்.

ஒரு சாவுக்காக நேற்று ஈப்போவுக்கு வந்தானாம். இடுகாட்டில் என் மனைவியின் கல்லைப் பார்த்தானாம். "ஒம் பேரு இருக்குடா மச்சான். எல்ஸிக்குப் பக்கத்துல. கண்ணால பாத்தேன். எம் பொண்டாட்டி செல்லாயி ஒனக்காகத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டா."

"சாகாதவனுக்கு எதுக்கு ஊத்துனா?"

"கோவப்படாத லா. பேரு போட்டாச்சில்ல, எமன் வந்தா அட்ரஸ் தேட வேணாம்."

அவன் சிரித்தான். கோப்பி முழுக்க என் சட்டையில்.

12 பிப்ரவரி

போய்ப் பார்த்தேன். உண்மை.

எல்ஸி போன ஆகஸ்டில் இறந்தாள். டிசம்பரில் கல் வைத்தபோது நான் போகவில்லை. சாமியார் வந்து மந்திரிப்பார் என்றார்கள். கல்லை ஆசீர்வதித்தால் கல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு வீட்டில் இருந்துவிட்டேன். அதனால் இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

இடது பக்கம் எல்ஸி, தங்க நிற எழுத்தில். வலது பக்கம் மத்தியாஸ். சிவப்பு. புதுப்புண் மாதிரி. பிறந்த தேதி சரியாக இருக்கிறது. அதன்கீழே காலியாக விட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் நான் நிரப்ப வேண்டிய இடம் மாதிரி.

அதற்கும் கீழே, இரண்டு பேருக்கும் பொதுவாக, ஒரு வரி: "நித்திய வாழ்வில் உங்களுக்காகக் காத்திருக்கிறேன்."

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய கல் என்றுகூடப் பார்க்கவில்லை.

காத்திருக்கிறாளாம். எங்கே? எந்த பஸ் ஸ்டாண்டில்?

என் அப்பாவைத் தோட்டத்தில் புதைத்தோம். தோட்டத்தை விற்றார்கள், இடுகாட்டைத் தள்ளி வீடு கட்டினார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதினால் அப்பா யாருடைய சமையலறையிலோதான் எழுந்து நிற்பார். இதைச் சொன்னால் நைஜல் முகம் சுளிப்பான். பதில் மட்டும் சொல்லமாட்டான்.

13 பிப்ரவரி

வேலை முடிந்து வந்த நைஜல் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கேட்டுவிட்டேன்.

"பா, எல்லாரும் செய்யிறதுதான். அம்மாவும் நீங்களும் ஒண்ணா இருக்கணும்ல?"

"உயிரோட இருக்கிறவனக் கேக்க மாட்டியா?"

"கேட்டா நீங்க சரின்னா சொல்லுவீங்க? தண்ணி வேணுமான்னு கேட்டாலே வேணாம்னுதான் சொல்லுவீங்க."

"அந்த வரி?"

"அம்மாவுக்கு விசுவாசம் இருந்துச்சி. ஒங்களுக்கு இல்லாட்டி அது ஒங்க பிராப்ளம்பா."

"விசுவாசம் அவளோடது. பேரு என்னோடது. எடு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். ஜூலியானா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

15 பிப்ரவரி

யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது.

17 பிப்ரவரி, திங்கள்

சீனப் புத்தாண்டு முடிந்து இன்றுதான் கல் வெட்டும் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கடையைத் திறந்தான். மோட்டார் சைக்கிளில் போனேன். இருவரும் மலாயில் பேசினோம். நான் யார் என்று சொன்னதும் எழுந்து கை கொடுத்தான். சந்தோஷமாம்! "ஓ, மேரா அங்கிள்!" என்றான். அதாவது சிவப்பு அங்கிள். அவன் கடையில் எனக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது.

உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு அடிப்பது அவர்கள் வழக்கம். செத்தபின் தங்க நிறம் அடிப்பார்களாம். எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. முன்கூட்டியே பெயர் வெட்டினால் ஆயுள் நீளுமாம். "அங்கிள் நூறு வயசு" என்றான்.

ஆயுளைக் கூட்ட இவனிடம் பெயிண்ட் இருக்கிறது. செத்தபின் தொடர நைஜலிடம் வசனம் இருக்கிறது. பத்துமலைக்கு மறுபிறவி. மூன்று பேரும் அடித்துச் சொல்கிறார்கள். ஒருவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவனில்லை.

பெயரைத் தேய்த்து எடு என்றேன். முடியாது, ஆர்டர் கொடுத்தவர் சொல்ல வேண்டும் என்றான். என் மகனிடம் சொல் என்றேன். தலையை ஆட்டினான். பெயரைப் போடச் சொன்னது மகன் இல்லையாம். மருமகளாம். மகன் அப்புறம் தனியாக வந்து கீழ் வரியைச் சேர்த்தானாம்.

ஜூலியானாவா? எதற்கு?

18 பிப்ரவரி

எழுத வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

நைஜல் வேலைக்குப் போனபின் ஜூலியானாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நீயாம்மா?" என்றேன்.

"மாமா, அம்மாதான் சொன்னாங்க."

எல்ஸி ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம். ஜெபக்குழு வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறது. அவர்களோடு சேர்ந்து பாடினாளாம். அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் ஜூலியானாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். ஜூலியானா சொன்னபடியே எழுதுகிறேன்:

"அங்க போயி ஒண்ணுமே இல்லாட்டி என்னம்மா செய்யிறது? எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ண மூடுனா இருட்டாத்தான் இருக்கு. நீ கல்லுலயாச்சும் அந்த மனுஷன் பேர எம் பக்கத்துல போட்டுரு. வேற எதுவும் எழுத வேணாம். பேரு போதும்."

பிறகு சிரித்தாளாம். "அவருகிட்ட சொல்லிராத. ஜெயிச்சிட்டேன்னு குதிப்பாரு."

நைஜலிடம் ஜூலியானா முழுதும் சொல்லவில்லை. அப்பா பெயரையும் போடச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் விசுவாசம் என்று நினைத்து அவன் அந்த வரியைச் சேர்த்துவிட்டான்.

"அவருகிட்ட சொல்லிராதீங்க மாமா. தாங்க மாட்டாரு."

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அது என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்பதே எனக்கு வெகுநேரம் உறைக்கவில்லை.

19 பிப்ரவரி

ஜெயித்துவிட்டேன்.

யாரிடம் போய்ச் சொல்ல?

22 பிப்ரவரி

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவாள். "என்ன, இன்னிக்கி யாராச்சும் எழுந்து வந்தாங்களா?" என்பேன். முக்காட்டால் அடிப்பாள். "வாய மூடுங்க, சோறு கெடையாது." சோறு கிடைக்கும், கோழிக்கறியோடு.

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கடையில் சாமான் சுற்றி வந்த காகிதத்தைப் படித்து எழுத்துக் கூட்டியவன். கண்டதைத்தான் நம்புவேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரியும் என்ற தைரியத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் போல.

எப்போது விட்டுப்போனது அவளுக்கு? அந்தக் கட்டிலிலா? அதற்கு முன்பேயா? பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாமல்? என்னிடம் ஏன் சொல்லல எல்ஸி? குதிச்சிருப்பேனா நான்? அவ்வளவுதானா நீ என்னைத் தெரிஞ்சிகிட்டது?

நேற்று வந்த மருமகளிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. இதை நான் விடமாட்டேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

நைஜல் நெற்றியில் சாம்பலோடு வந்தான். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கோயிலில் எனக்குச் சம்மதமானதைச் சொல்கிறார்கள்: மனுஷன் மண் என்று.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தான். "பா, யோசிச்சேன். ஒங்களக் கேக்காம செஞ்சது தப்பு. தவுக்கேகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழம வாரான். ஒங்க பேர எடுத்துருவாங்க."

கேட்டது நான்தான். எனக்குத் திடுக்கென்றது. நெஞ்சில் யாரோ உளி வைத்த மாதிரி.

"தொடாத."

"என்னப்பா?"

"எம் பேரத் தொடாத. அது அங்கயே இருக்கணும். அந்த வரிய எடு."

"அது அம்மாவோட வரிப்பா!"

"அம்மா வரி இல்ல. ஒன் வரி. அவ சொல்லாதத அவ வாயில வச்சிருக்கிற. ஒம் பொண்டாட்டியக் கேளு."

ஜூலியானா சமையலறை வாசலில் நின்றாள். வேண்டாம் என்று கண்ணால் என்னைக் கெஞ்சினாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவள் வந்து தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஜெபக்குழு லிஃப்டில் இறங்கியது வரைக்கும் சொன்னாள். அதற்குமேல் அழுகை.

நைஜல் முகத்தைத் துடைத்தான். சாம்பல் கன்னமெல்லாம் பரவியது. சின்ன வயதில் கரியில் விளையாடிவிட்டு வந்து நிற்பான், அதே முகம். நான் அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

6 மார்ச், வியாழன்

ஆகவேண்டியவை.

ஜூலியானா மீதியையும் நைஜலிடம் சொல்ல வேண்டும். இருட்டைப் பற்றியும். அவள் சிரித்ததைப் பற்றியும். சிரித்ததை விடக்கூடாது.

தவுக்கே அந்த வரியை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். என் பெயரில் உளி படக்கூடாது. சிவப்பு மங்கியிருந்தால் இன்னொரு பூச்சு அடிக்கலாம். ஆயுளுக்காக அல்ல, மழையில் அழியாமல் இருக்க.

நைஜல் கூட நிற்க வேண்டும். ஜெபிப்பதானால் ஜெபிக்கட்டும், நான் தடுக்கவில்லை. வரி எடுத்த இடத்தில் வேறு எதையும் எழுதக்கூடாது, நான் செத்த பிறகும். சிவப்பைத் தங்கமாக்குவது அவன் வேலை, அந்த நாள் வரும்போது.

பத்துமலை, நான் செத்ததாக யார் யாரிடம் சொன்னானோ அவர்களிடமெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும். செல்லாயி அடுத்த தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தலை முழுகட்டும்.

நான், வெள்ளிக்கிழமை முடியும்வரை சாகாமல் இருக்க வேண்டும்.