டப்பில் தண்ணீர் நிற்கவில்லை

1978 பிப்ரவரி 20, திங்கள்

காலையில் பார்த்தால் டப் காலி. நேற்று விடுதி எடுபிடி ஆள் கருப்பன், சுனையிலிருந்து சுமந்து வந்து விளிம்புவரை நிரப்பியது அத்தனையும் தரைக்குள் போய்விட்டது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் கால் நீட்டிக் குளிப்பதற்காக இந்த இரும்பு டப்பை மலைக்குத் தூக்கிவரச் செய்திருக்கிறான். அவன் பங்களாவை எனக்குக் குவார்ட்டர்ஸாகவும் பிரசவ விடுதியாகவும் கொடுத்துவிட்டு, "வசதியான இடம், நர்சம்மா" என்றார்கள். சொன்னவர்கள் இந்தப் புதூர்நாட்டுக்கு வந்து ஒருநாள் குளித்துப் பார்க்கட்டும்.

பாஞ்சாலைக்குப் பங்குனி கடைசியில் பிரசவம். போன பிள்ளை கால் முதலில் வந்து, வீட்டிலேயே செத்தது. இந்த முறை இங்கே வா என்றேன். அவள் மாமியார் மாணிக்கம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "பெத்தவளுக்கு ஊத்தத் தண்ணி கீதா?" குடம் குடமாகச் சுடுதண்ணீர் ஊற்றாவிட்டால் பெற்றவள் உடம்பு தேறாது என்பது இந்த மலையின் சட்டம். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 27

ஓவர்சியர் ராஜவேலு ஜீப்பில் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே டப்பைப் பார்த்தார். "சீமைச் சாமான்மா. இங்க எவனுக்கும் கை வராது. எஸ்டிமேட் போடணும்." எஸ்டிமேட் போடவில்லை. கோழிக் குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொண்டார். டப்புக்குக் கீழே ஒரு தடவைகூடக் குனியவில்லை. குனிந்தால் சட்டை கசங்கிவிடும், பாவம்.

மார்ச் 2

கருப்பன் தானே சரி பண்ணுவதாகக் கிளம்பினான். "பானை ஓட்டைக்குப் பலாப்பால்தான் வெப்போம். இது இன்னா பெரிசு?" பலாப்பாலைக் காய்ச்சி, தண்ணீர் வெளியேறும் ஓட்டையைச் சுற்றி அப்பினான். மூக்கு நுனியிலும் கொஞ்சம். எனக்குச் சிரிப்பு வந்தது.

மார்ச் 5

தண்ணீர் நிற்கிறது. ஓவர்சியருக்குப் பதில் பலாமரத்துக்கே சம்பளம் கொடுக்கலாம்.

மார்ச் 14

மாணிக்கம்மாள் சோதிக்க வந்தாள். ஆமாம், என்னைச் சோதிக்க! என் அடுப்பில், என் விறகில் அண்டா நிறையக் கொதிக்கவைத்து, "நான் சுடுதண்ணி கலந்து பாக்கணும்" என்று டப்பில் கொட்டினாள். பலாப்பால் இளகிப் பிசுபிசுவென்று விட்டுப்போனது. தரையெல்லாம் ஆறு. அவள் காலை உதறிக்கொண்டு, "வூட்லியே பொறக்கட்டும்" என்றாள். பாஞ்சாலை வாசலில் நின்றபடி என் முகத்தையே பார்த்தாள்.

போடி. நல்லாப் போ. இன்னொண்ணையும் கொண்டுபோய்ப் புதை.

— எழுதியதைப் படிக்க எனக்கே கூசுகிறது. ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை. அந்தக் கிழவியிடம் அவ்வளவு கோபம். அவளைவிட என்மேல். குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய புத்திசாலி நான்தானே?

மார்ச் 19, ஞாயிறு

மருந்து கொண்டுவந்த ஜீப் டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு டப்புக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். ஓட்டைக்கு அடியில் ஒரு பெரிய பித்தளை நட்டு. கீழிருந்து திருப்பும்போது எது தளர்த்துவது, எது முடுக்குவது என்று குழம்பிவிட்டது. கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் நட்டு கழன்றது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் அப்பளம்போல் உடைந்து கையோடு வந்தது. இதற்குத்தானா எஸ்டிமேட்?

பிரசவக் கட்டிலில் விரிக்கும் ரப்பர் ஷீட்டின் ஓரத்தை வெட்டி, இரண்டு வளையமாக்கி அடுக்கி வைத்து முடுக்கினேன். "ஷீட்டு அரசாங்கத்துதும்மா" என்று கருப்பன் முனகினான். மேலிடத்துக்கு எழுதிப் போடட்டும்.

மார்ச் 20

கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கீழே துணி விரித்து வைத்திருந்தேன். காய்ந்த துணி.

மாணிக்கம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. மகாராணிக்கு நேரம் இல்லை போலும்.

ஏப்ரல் 8

விடிந்ததும் வந்தார்கள். பாஞ்சாலை வலியில் நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாமியார் நேராகக் குளியலறைக்குப் போய், டப்புக்கு அடியில் கைவிட்டுத் தரையைத் தடவிப் பார்க்கிறாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தபிறகுதான், "படுக்க வைங்க" என்றாள்.

இதுவும் கால் முதலில். உடம்பு தானாக இறங்கும்வரை இழுக்காமல் காத்திருந்து, தலையைத் தாங்கி எடுத்தேன். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அழுதது.

ஏப்ரல் 11

மாணிக்கம்மாள் வெந்நீரைக் கலந்து கலந்து பாஞ்சாலையின் தலையில் ஊற்றினாள். முடித்ததும் என்னைக் கேட்காமலே அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். பாதி டப் தண்ணீர்! கருப்பன் தோள் வீங்கச் சுமந்தது. "தீட்டுத் தண்ணி, வெக்கக் கூடாது" என்றாள். ஒரு சொட்டுத் தரையில் விழாமல் குழாய் வழியாகத் தோட்டத்துக்குப் போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நன்றி என்ற வார்த்தை இந்த அம்மாளுக்குத் தெரியாது. குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

"சின்ன மருமவளுக்கு ஆடி மாசம். புதுத் தண்ணி ரொப்பி வைங்க."