நல்லதை மட்டும் எடுத்து வைங்க

ஜூன் 4, புதன்

சாப்பாட்டு மேசை பறிபோய்விட்டது. காப்பியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "ஜன்னல் திட்டுல வைங்களேன்" என்றாள் என் மனைவி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கல்யாணமான நாளிலிருந்து நான் உட்கார்ந்து சாப்பிட்ட மேசை. இப்போது அதில் களிமண் உட்கார்ந்திருக்கிறது.

களிமண்கூட இல்லை. பாலிமர் களிமண்ணாம். ப்ளாஸ்டிக்கைப் பிசைந்து வைத்துவிட்டு அதற்கு ஒரு பெயர். நான் பார்த்த களிமண் வேறு. வாஷ்பேசினும் கழிப்பறைத் தொட்டியும் செய்கிற தொழிற்சாலையில், சூளையிலிருந்து வருவதையெல்லாம் தட்டிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம் என்று பிரித்தே என் உத்தியோகம் முடிந்தது. விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' என்று பாட வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ விரிசல். சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மேலாளர் வந்து கெஞ்சினாலும் குறி குறிதான்.

இவள் தோடு செய்கிறாள். வேண்டுமென்றே விரிசல் விட்டு.

ஜூன் 7, சனி

போனில் ஒருத்தி வகுப்பு எடுக்கிறாள். வாய் பேசுவதைவிடக் கை அதிகம் பேசுகிறது. கையாட்டி என்று பெயர் வைத்துவிட்டேன். களிமண்ணைப் பிசைந்து தகடாகத் தேய்க்க வேண்டுமாம். அதன்மேல் வேறு நிறத்தில் பெயிண்ட் பூசி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி உருளையில் கொடுக்க வேண்டுமாம். களிமண் இழுபடும், பெயிண்ட் இழுபடாது, அதனால் உடைந்து உடைந்து நிற்கும், இடுக்கில் அடி நிறம் தெரியும். "அந்த விரிசல்தான் அழகு!" என்று கையாட்டி கண்ணை மூடிக்கொள்கிறாள். ஏதோ தரிசனம் கிடைத்த மாதிரி.

எங்கள் சூளையில் அவளை ஒரு வாரம் நிறுத்தியிருந்தால் தினமும் தரிசனம்தான்.

ஜூன் 9, திங்கள்

"ஏங்க, இது எப்படி இருக்கு?"

ஒவ்வொன்றையும் முதலில் என்னிடம்தான் நீட்டுகிறாள். இன்று நீட்டியது பச்சையில் தங்க நிறம். வாங்கித் தட்டினேன். 'டொக்.'

"மழையில ஊறின சுவர் மாதிரி இருக்கு" என்றேன்.

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். ஆனாலும் அடுத்ததைச் செய்து முடித்ததும் மறுபடி வந்து நின்றாள். ஏன்தான் கேட்கிறாளோ.

ஜூன் 12, வியாழன்

மாப்பிள்ளை வந்திருந்தார். மகளை அனுப்பிவைக்க நேரமில்லை, மாமியாரின் தோட்டைப் படம் எடுக்க மட்டும் நேரம் இருக்கிறது. விற்பனைக்கென்று போனில் ஒரு பக்கம் திறந்து கொடுத்திருக்கிறார். "மாமா, இப்ப இதுதான் ட்ரெண்ட். பர்ஃபெக்டா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க" என்று எனக்குப் பாடம் வேறு. பர்ஃபெக்டாக இருந்தால் வாங்க மாட்டார்களாம்! ஒழுகுகிற வாஷ்பேசினை இவர் வீட்டில் மாட்டிவிட்டு அப்புறம் கேட்க வேண்டும், ட்ரெண்ட் எப்படி மாப்பிள்ளை என்று.

அந்தப் பக்கத்தில் ஊர்ப்பட்ட பெண்கள் வந்து வாயைப் பிளக்கிறார்கள். ஒருத்தி 'உயிரோட இருக்கு' என்று எழுதியிருந்தாள். தோடு உயிரோடு இருந்தால் காது என்னத்துக்கு ஆகும்?

ஜூன் 17, செவ்வாய்

இன்று கொஞ்சம் பெரிய விஷயம். கடைவீதியில் கண்ணாடி அலமாரி வைத்த நகைக்கடை இருக்கிறது; தங்கம் இல்லை, எல்லாம் ஃபேன்சி நகை. அந்தக் கடைக்காரம்மா இவளுடைய விரிசல் தோடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி நிறையச் செய்து அனுப்பு, பிடித்திருந்தால் ஒரு தட்டு உனக்கே ஒதுக்கித் தருகிறேன் என்றாளாம். தட்டின் மேல் பெயர் எழுதிய அட்டை வைப்பார்களாம்.

"எம் பேரு போட்ட அட்டைங்க" என்று மூன்றாவது தடவையும் சொன்னாள். "இத்தனை வருஷத்துல என் பேரு எங்க எழுதியிருக்கு சொல்லுங்க? ரேஷன் அட்டையில. அதுவும் உங்களுக்குக் கீழ."

ரேஷன் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கீழேதான்.

ஜூன் 20, வெள்ளி

மாப்பிள்ளை மறுபடி பிரசன்னம். கையில் வெளிநாட்டுப் பெயிண்ட். "அத்தை, கடைக்குப் போற சரக்கு, சாதா பெயிண்ட்ல பண்ணாதீங்க." குழாய் குழாயாய், பல்பசை மாதிரி. விலையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் செலவு செய்வது மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

மேசைப் பக்கமே போகவில்லை. காலையிலிருந்து உருட்டுகிறாள், புலம்புகிறாள். மாப்பிள்ளை பெயர் இரண்டு தரம் அடிபட்டது. அவர்கள் விவகாரம், எனக்கென்ன. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மச்சினி குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இவள் போட்டது போட்டபடி தங்கை வீட்டுக்கு ஓடினாள். மத்தியானம் போன்.

"ஏங்க, சாயங்காலம் கடையில இருந்து ஆள் வருவாங்க. மேசையில ரெண்டு தட்டு இருக்கு பாருங்க. நல்லதை மட்டும் எடுத்துப் பெட்டியில அடுக்கி வைங்க. மத்தது கிடக்கட்டும், இல்ல தூக்கிப் போட்டாலும் சரிதான். பேச முடியல, டாக்டர் கூப்பிடறார்."

தட்டு இரண்டையும் பார்த்தேன். ஒன்றில் வழக்கமான வெடிப்பு வகையறா. இன்னொன்றில் — நம்பவே முடியவில்லை. வழுவழு. ஒரு கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை. நிறம் அப்படியே பளிச்சென்று நிற்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுப் பெயிண்டில் செய்தது. அப்படியென்றால் கடைக்கென்று வரும்போது இவளுக்கே தெரிந்திருக்கிறது. போனில் வாயைப் பிளக்கிற கூட்டத்துக்கு விரிசல்; காசு கொடுத்து வாங்குகிற கடைக்கு ஒழுங்கான சரக்கு. அப்படித்தானே இருக்க முடியும்?

ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, பஞ்சு வைத்து அடுக்கினேன். கொக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. ஓய்வு பெற்ற பிறகு நான் இவ்வளவு அக்கறையாக ஒரு வேலையும் செய்ததில்லை. வெடிப்புத் தட்டைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். கடை ஆள் வருவதற்குள் குப்பை வண்டியும் வந்து போய்விட்டது.

எழுதினால்தான் என்ன, யார் படிக்கப்போகிறார்கள் — இவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

கடைக்காரம்மா வீட்டுத் தொலைபேசியில். குரலிலேயே ஒரு ஏசி ஓடுகிறது.

"சார், மேடம் இல்லையா? பெட்டி வந்துச்சு. ஆனா இது குழந்தைங்க விளையாட்டுச் சாமான் மாதிரில்ல இருக்கு? விரிசல் எங்க சார்? அதுக்குத்தானே நான் கேட்டேன்."

விரிசல் எங்கே என்று என்னிடம் கேட்கிறாள். என்னிடம்!

அப்புறம்தான் கவிழ்த்த தட்டு ஞாபகம் வந்தது. கூடையைப் போய்ப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. காலிக் கூடை.

ஜூன் 27, வெள்ளி

வந்தாள். சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், பையைக்கூட அவள் இறக்கி வைக்கவில்லை.

சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஒழுங்காச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னு. போடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அது மாப்பிள்ளை வாங்கிட்டு வந்த பெயிண்ட். ரப்பர் மாதிரி கூடவே இழுபடுது, உடையவே மாட்டேங்குது. வீணாப்போன தகடு, சும்மா துளை போட்டு, கொக்கி மாட்டிப் பழக வெச்சிருந்தேன்."

"எனக்கெப்படிம்மா தெரியும்? நல்லதுன்னு சொன்னே—"

"நீங்க வேணும்னு பண்ணலைன்னு தெரியுங்க. உங்களுக்கு நெஜமாவே அதுதான் நல்லதாப் பட்டிருக்கு." மேசையில் கிடந்த காலித் தட்டை நகர்த்தி வைத்தாள். "அதான் கஷ்டமா இருக்கு."

எழுந்து உள்ளே போனாள். வேணும்னு பண்ணிருந்தாக்கூடப் பரவாயில்லையாம்.

ஜூன் 29, ஞாயிறு

கடைக்காரம்மா இன்னும் பத்து நாள் தந்திருக்கிறாள். அதற்குள் வரவில்லையென்றால் தட்டு வேறு யாருக்கோ. மகாராணி உத்தரவு. இவள் களிமண் பிசைகிறாள். ஒன்றிரண்டு செய்து முடித்துவிட்டாள்.

என்னிடம் நீட்டவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்றும்.

ஜூலை 1, செவ்வாய்

பழைய பெயிண்ட் தீர்ந்துவிட்டதாம். போனில் தங்கையிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. நான் கிளம்பினேன்.

முதல் கடையில், "இருக்கறதுலயே மட்டமான பெயிண்ட் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு சார்?"

"காஞ்சதும் உடையணும்."

"சார், இது பாருங்க, மடக்கினாலும் உடையாது, கம்பெனி கேரண்டி."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

அடுத்த கடையிலும் இதே கதை. எல்லாரும் நல்ல சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஒரு மனுஷன் மட்டமாக ஒரு பொருள் வாங்க இந்த ஊரில் வழியில்லை. சந்துக்குள் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடையில், பரண்மேல் தூசி மண்டிய சின்னச் சின்னப் புட்டிகள். "அது வேணாம் சார், காஞ்சா வெடிச்சுப்போகுது. கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வெச்சிருக்கேன்" என்று கடைக்காரர் சங்கடப்பட்டார். நாணயமான ஆள்.

"எல்லாத்தையும் இறக்குங்க" என்றேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அந்தச் சந்துப் பக்கம் வராதது என் நல்ல நேரம்.

ஜூலை 2, புதன்

புட்டிகளை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். ஒன்றைத் திறந்து தகட்டு ஓரமாகப் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் விரலால் வளைத்தாள். 'சர்'ரென்று உடைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். டிவி ஓடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

தகடு தேய்க்கிற மிஷினுக்கு ஒரு கை பிடிக்க, ஒரு கை சுற்ற வேண்டும். தங்கைக்கு ஓடி ஓடிச் சமைத்துப் போட்டு இவளுக்குத் தோள் வலி. "நகரு" என்று சொல்லிக் கைப்பிடியை வாங்கிக்கொண்டேன்.

பெயிண்ட் காய்ந்த தகடு உருளைக்குள் போனது. அந்தப் பக்கம் வெளியே வரும்போது மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் மயிரிழை. அப்புறம் கிளை. நீலம் விலக, அடியிலிருந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. எத்தனையோ ஆயிரம் விரிசலுக்குக் குறி போட்டிருக்கிறேன், ஒன்றுகூட விழுவதைப் பார்த்ததில்லை. விழுந்த பிறகுதான் என் மேசைக்கு வரும்.

"திருப்பிப் போடுங்க" என்றாள். "ஒரே பக்கமா உருட்டினா கோடு கோடாத்தான் வரும். குறுக்கால ஒரு தரம் விட்டாத்தான் வலை மாதிரி விழும்."

கையாட்டி இதைச் சொல்லவே இல்லை. அரைவேக்காடு.

ஜூலை 7, திங்கள்

பெட்டி போய்ச் சேர்ந்தது. இந்த முறை அடுக்கியது அவள். நான் பஞ்சு மட்டும் பிய்த்துக் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

கடைக்குப் போயிருந்தோம். தட்டு கொடுத்துவிட்டார்கள். முழுத் தட்டுகூட இல்லை, பாதி. மீதிப் பாதியில் யாரோ செய்த சோப்பு. சோப்புக்கும் ஒரு பெயர் அட்டை! கடைக்காரம்மா நேரில் இன்னும் மோசம், பேசும்போது நம்மைப் பார்க்காமல் நம் செருப்பைப் பார்க்கிறாள்.

இவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்தேன். பெயரில் ஒரு எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. இவ்வளவு பெரிய கடை, ஒரு புள்ளிக்கு வக்கில்லை. கடைக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் புள்ளியை வைத்துவிட்டேன். இவள் பார்த்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, "சரியா வெச்சீங்களா?" என்றாள்.

"வெச்சேன்."

ஜூலை 15, செவ்வாய்

மாப்பிள்ளை போன் செய்தார். வெளிநாட்டுப் பெயிண்ட் எப்படி இருந்தது என்று கேட்டார். ரொம்ப நல்ல பெயிண்ட் மாப்பிள்ளை என்றேன். அதைவிடக் கேவலமாகத் திட்ட எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காப்பியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளங்கையில் ஒரு சிவப்புத் தோடு.

"ஏங்க. இது எப்படி இருக்கு?"

டம்ளரை வைத்துவிட்டு வாங்கினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"கோடு எல்லாம் ஒரே பக்கம் ஓடுது. குறுக்கால விடல நீ. ரிஜெக்ட்."

திருப்பி வாங்கி அவளும் சாய்த்துப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். குப்பைக் கூடையில் போட்டாள். எந்த மேலாளரும் என்னிடம் இப்படி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதில்லை.

அடுத்ததை நீட்டினாள். பழைய பழக்கம், விரல் முட்டியால் தட்டினேன். 'டொக்' என்றது.

"நல்லது" என்றேன்.