பின்சக்கரத்துக் கோடுகள்

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் நீ, கண்ணைக் காட்டுங்கப்பா, இல்லாட்டி வண்டியை வித்துடுங்க என்றதற்குப் பட்டென்று வைத்துவிட்டேன் அல்லவா, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது.

விஷயம் இதுதான். என் பைக் கொஞ்ச நாளாக இடது பக்கமே இழுத்தது. நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஹேண்டிலுக்குக் கீழே, அது திரும்புகிற கோன் செட் தேய்ந்திருக்கும், மாற்று என்றேன். ஆட்டிப் பார்த்துவிட்டு, கோன் நல்லாத்தான் இருக்குண்ணே என்றார். நான் விடுவேனா, மாற்ற வைத்தேன். புதுக் கோன் போட்டும் இழுத்தது. முந்தாநாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மார்க்கெட் முனையில் திரும்பும்போது ஒரு பள்ளத்தில் விட்டேன், வண்டி தன் பாட்டுக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போய் மெக்கானிக்கைச் சத்தம் போட்டேன். அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, செயினை யாருண்ணே இறுக்கினது என்று கேட்டார். நான்தான், வேறு யார், இருபது வருஷமாக மாதம் ஒரு தடவை என் கையால்தான். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளுவோம், அதற்கு இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும், இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால்தான் சக்கரம் நேராக ஓடும். என் வண்டியில் ஒரு பக்கம் மூன்றாவது கோடு, மறு பக்கம் ஐந்தாவது. அவர் டார்ச் பிடித்தும் எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. தெரிவது போலத் தலையை ஆட்டி வைத்தேன். எத்தனை மாதமாக விரலால் தடவிக் குத்துமதிப்பாக இறுக்கிக்கொண்டிருந்தேனோ, என்னிடமே நான் ஒத்துக்கொள்ளவில்லை சின்னு. வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, எனக்கு எப்பவோ தெரியும், இல்லாட்டி எதுக்குப் பள்ளம் வருது, நாய் நிக்குதுன்னு காதுக்குள்ள கத்திக்கிட்டே வர்றேன் என்றாள். நான் அதைத் தொணதொணப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் கிளம்பும்போதுதான், இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு வா என்று அதட்டியிருந்தேன். மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் ஏறினாய் என்று கேட்டேன். தனியா விட்டா உங்களுக்கு யாரு பார்த்துச் சொல்றது என்றாள்.

சாவி இப்போது அவளிடம். வெள்ளிக்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம், ஆட்டோவில். நீ அங்கே எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. உன் ஸ்கூட்டர் டயரில் காற்று பார்த்துக்கொள், மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை எழுதியது நான், பக்கத்தில் உட்கார்ந்து வரி கோணாமல் பார்த்துச் சொன்னது உன் அம்மா.

பிரியமுள்ள,
அப்பா