கம்பி மாற்றாத கிதார்

அன்புத் தம்பி சாமுவேலுக்கு,

இன்று ஆகஸ்டு பதினொன்றாம் தேதி. எனக்கு எழுபத்து மூன்று வயது, நான்கு மாதம், ஆறு நாள். இந்த வயதில் என் விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கின்றன. முப்பத்தோராண்டு கல்லூரியில் பொருளியல் நடத்தியும் கிடைக்காத காய்ப்பு, பெருமையாகவே சொல்கிறேன்.

நீ கண்மூடி ஓராண்டு நிறையப்போகிறதே, உன் கிதாரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் உன் மனைவி லில்லி. "வருட ஜெபத்தில் நான் வாசிக்கிறேன், அதன் பிறகு கொடு" என்றேன்.

"இன்னா அண்ணி, நீங்களா? கோயில்ல பாட்டு பாடச் சொன்னாலே வாய மட்டும் அசைச்சுகினு நிப்பீங்களே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கிதாரைச் செங்கல்பட்டில் உள்ள என் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

மூன்று வாரம் புத்தகத்தில் இருந்த விரல் படங்களைப் பார்த்து அழுத்தினேன். தகர டப்பாவை உருட்டியதுபோல் சத்தம் வந்தது. கிதார் பழுது என்று முடிவு கட்டி, மாமல்லபுரத்தில் உன்னோடு பாடகர் குழுவில் வாசித்த ஸ்டெல்லாவிடம் பேருந்தேறிப் போனேன்.

"ஐயோ டீச்சரம்மா! இது அண்ணனோட கிதாராச்சே. பீச்சாங்கை ஆளுக்குன்னு கம்பியெல்லாம் தலைகீழா கட்டிக்கீது. சோத்துக்கையால வாசிச்சா எப்டி வரும்? குடுங்க, மாத்திக் கட்டித் தரேன்."

நீ இடக்கைக்காரன் என்பதை நான் மறக்கவில்லை. கிதாருக்கும் இடக்கை உண்டு என்பதுதான் தெரியாது.

"கம்பி அப்படியே இருக்கட்டும். நான் கையை மாற்றிக்கொள்கிறேன்."

"இந்த வயசுலயா? பேஜாரும்மா!" என்று சிரித்தாள்.

கிதாரைத் திருப்பிப் பிடித்து, இடக்கையால் கம்பிகளை வருடினேன். ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்தினாள். "யம்மா, இத்தினி நாளா இந்தக் கைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" நான் மறுபடியும் கம்பிகளை வருடினேன்.

அதன் பிறகு புத்தகத்தைப் பீரோக் கண்ணாடிக்கு எதிரே விரித்து, கண்ணாடியில் தெரிந்த படத்தைப் பார்த்தே பழகினேன். பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் கார்டுகளில் ஜி, சி இரண்டும் பத்து நாளில் வந்தன. டி மட்டும் அடம் பிடித்தது. அழுத்தவேண்டிய வலக்கை விரல்கள் வாதத்தால் மடங்க மறுத்தன. நான் அதைவிடப் பிடிவாதக்காரி, உனக்குத் தெரியாதா?

நேற்று உன் வீட்டுக் கூடத்தில் ஜெபம். உனக்குப் பிடித்த கீர்த்தனையை மூன்றே கார்டுகளில் கடைசி வரை வாசித்தேன். இரண்டு இடத்தில் டி தாமதமாக வந்தது. கூட்டம் காத்திருந்து பாடியது. உனக்குக் கேட்டதா?

லில்லி காப்பியை நீட்டினாள். "இனிமே இது உங்க வூட்லயே இருக்கட்டும், அண்ணி." நான் இடக்கையை நீட்டி வாங்கினேன். அவள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கையால் ஒரு காப்பி வாங்க எனக்கு இத்தனை ஆண்டுகளா?

என் காலம் உள்ளவரை அந்தக் கம்பிகளை யாரும் மாற்றிக் கட்ட விடமாட்டேன். அடுத்த வருட ஜெபத்துக்குள், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய அந்த எஃப் கார்டையும் வழிக்குக் கொண்டுவருவேன்.

இன்னொன்று. இடக்கையால் சோற்றைத் தொட்டதற்காக அப்பா உன்னை அடிக்கும்போதெல்லாம், "அக்காவைப் பாத்துக் கத்துக்கோடா" என்பார். நான் பக்கத்தில் என் இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அதை அடக்கம் என்று எல்லோரும் நம்பினீர்கள். அது பயம். நானும் பிறவியிலேயே பீச்சாங்கைதான், சாமு. இருவருக்குமான அடியை நீ ஒருவனே வாங்கினாய்.

உன் கூடப்பிறந்த அக்கா,
எஸ்தர்