இடது கையால் ஒரு பெயர்

இன்று காலை தபால்காரர் ஒரு நீண்ட உறையை நீட்டினார். பிரெஞ்சு முத்திரை.

"சொல்தா தாத்தா வீடு பூட்டியே கெடக்குது. நீங்க வாங்கிக்கிறீங்களா?"

பிரிக்காமலே தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களுக்கு ஆண்டுதோறும் வரும் ஓய்வூதியத் தாள். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கும். இருந்தால், அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

சிரித்துவிட்டேன், தாத்தா. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம். அவர்களுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. உங்கள் மகள் பக்கத்துக் கதிர்காமத்தில் உள்ள தன் வீட்டுக்கே திரும்பிவிட்டார். மாலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கருவடிக்குப்பத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்து ஆறு மாதம் வரை நமக்குள் வெறும் தலையசைப்பு. பிறகு ஒரு நாள் மதில் மேல் ஒரு காகிதம். அதைப் பிடித்திருந்த உங்கள் இடது கை.

"பாப்பா, காலேஜுல பேப்பர் திருத்துற இல்ல? இதுக்கு எவ்ளோ போடுவ?"

மேலே உங்கள் பழைய கையெழுத்து. கீழே புதிது ஒன்று, காற்றில் சாய்ந்த வேலி போல. வாதம் வந்து உங்கள் வலது கை விழுந்துவிட்டதை அப்போதுதான் அறிந்தேன்.

பத்துக்கு மூன்று போட்டேன்.

"மூணா? கண்ணாடியப் போட்டுக்கினு பாரு."

உள்ளேயிருந்து உங்கள் மகள்: "பென்ஷன் தாளுல கைநாட்டு வெச்சாலும் ஒத்துக்குவாங்கப்பா. எதுக்கு இந்த வீம்பு?"

"எங்கப்பா வெச்சாரு. அதோட போதும்."

அதை மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள். உங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதிய முதல் ஆள் நீங்கள்.

இரண்டு மாதம் எழுதிப் பழகினீர்கள். காலண்டர் தாளின் பின்புறம், மாத்திரை அட்டை, கடைசியில் என் கவிதையின் ஓரம். "நாலு வரிதான் எழுதியிருக்க. எடம் வீணாப் போவுதே."

நான்கு. ஐந்து. ஒரு ஞாயிறு, ஏழு. அன்று மதில் மேல் கேசரி வந்தது. மறுநாள் ஐந்து. தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

கையெழுத்திட அலுவலகத்துக்கு என் ஸ்கூட்டரில்தான் போனோம். அதிகாரி மைப்பெட்டியை நகர்த்தினார்.

"பெரியவரே, கட்டவிரல் வெச்சிடுங்க. சீக்கிரம் முடியும்."

"அவசரம் உங்களுக்கா எனக்கா, முசியே?"

வரிசை சிரித்தது. நீங்கள் எழுதினீர்கள். ஒவ்வோர் எழுத்தாக. நாக்கு நுனி வெளியே துருத்திக்கொண்டு. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டியது.

"வெளிய போயிடுச்சே" என்றார் அதிகாரி.

"ஆளு பெருசு. கட்டம் சின்னது."

அவர் பழைய தாளை எடுத்து ஒப்பிட்டார். முத்திரை விழுந்தது.

வீட்டுக்குப் போக மாட்டேன் என்றீர்கள். வைத்திக்குப்பம் மீன் கடைக்கு வண்டியை விடச் சொன்னீர்கள். மீன்காரம்மாவிடம் அறிவித்தீர்கள்:

"நான் உயிரோட இருக்கேன்னு சீல் அடிச்சுக் குடுத்துட்டாங்கம்மா! ஒரு வருஷத்துக்கு!"

"அப்ப இன்னாத்துக்கு அர கிலோ? ரெண்டு கிலோவா வாங்கினு போ."

வாங்கினீர்கள். வஞ்சிரம் என் முதுகில் இடிக்க, வழி நெடுகப் பிரெஞ்சில் பாடிக்கொண்டு வந்தீர்கள். சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஹாரன் அடித்துத் தாளம் போட்டேன்.

நேற்று ஒருவர் பொட்டலம் கொண்டுவந்தார். கையெழுத்துக்காகக் கைபேசித் திரையை நீட்டினார்.

"சும்மா ஒரு கோடு இழுங்க மேடம். போதும்."

போதாது. விரலால் என் முழுப் பெயரையும் எழுதினேன். மெய்யெழுத்துப் புள்ளி ஒன்றைக்கூட விடாமல்.